கார் சக்கரத்துக்கும் ஒரு பாஸ்வேர்டு!

"கம்ப்யூட்டர் பத்திரிகையில் கார் சக்கரத்துக்கு என்ன வேலை?" என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றும். வேலை இருக்கிறது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் கற்றுக்கொள்வது இரண்டு பழக்கங்கள். ஒன்று, பாஸ்வேர்டு வைப்பது. மற்றொன்று, முக்கியமான பைல்களுக்கு நகல் எடுத்து வைப்பது. இந்த இரண்டும் வாசலில் நிற்கும் உங்கள் காருக்கும் அப்படியே பொருந்தும். குறிப்பாக, ஆசைப்பட்டு அலாய் வீல் மாட்டியிருப்பவர்களுக்கு!

டில்லி, பெங்களூரு போன்ற நகரங்களில் இரவோடு இரவாக நான்கு சக்கரங்களும் கழற்றப்பட்டு, செங்கல் மேல் நிற்கும் கார்களின் படங்களை நாளிதழ்களில் பார்த்திருப்பீர்கள். கார் அங்கேயே இருக்கும். ஆனால் ஓட்ட முடியாது. காலையில் வேலைக்குக் கிளம்பும்போதுதான் தெரியவரும். இதைத் தடுக்க வழி உண்டா? முழுவதுமாகத் தடுக்க முடியாது. ஆனால் திருடனின் வேலையைக் கடினமாக்க முடியும். அதற்கான சிறிய கருவிதான் வீல் லாக் நட். அதைத் தேர்ந்தெடுப்பது, மாட்டுவது, அதன் விவரங்களை வீட்டுக் கம்ப்யூட்டரில் பத்திரமாக வைப்பது, திருட்டு நடந்துவிட்டால் அந்த விவரங்களைப் பயன்படுத்துவது ஆகிய நான்கையும் இந்தக் கட்டுரையில் பார்க்கலாம்.

புதுவாயலில் ஏன் இந்தப் பேச்சு?

சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், கும்மிடிப்பூண்டி வட்டத்தில் இருக்கிறது புதுவாயல். முன்பு தே.நெ. 5 என்று அழைக்கப்பட்ட இந்தச் சாலையின் இன்றைய எண் 16. பக்கத்தில் கவரைப்பேட்டை, வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட், அதையும் தாண்டினால் ஆந்திர எல்லை. 2008-ல் தொடங்கிய ஆர்.எம்.கே. பொறியியல் தொழில்நுட்பக் கல்லூரியும் புதுவாயலில்தான் உள்ளது. கார் தயாரிப்பும் இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. திருவள்ளூர் தொழிற்சாலையில் 1998-ல் மிட்சுபிஷி லேன்சர் கார்கள் வெளிவரத் தொடங்கின. பிற்காலத்தில் அதே இடத்தில் சிட்ரோன் கார்கள் தயாராகின்றன.

இது போன்ற தொழிற்பேட்டைப் பகுதிகளில் ஷிப்ட் வேலை அதிகம். வாடகை வீடுகளில் கார் நிறுத்தத் தனி இடம் கிடைப்பது அரிது. கார் தெருவோரத்திலோ காலி மனையிலோ இரவு முழுவதும் நிற்கும். வீட்டுக்காரர் நைட் ஷிப்டில் இருப்பார். நெடுஞ்சாலையோ கூப்பிடு தூரத்தில். சக்கரத்தைக் கழற்றி ஒரு வேனில் ஏற்றினால், பொழுது விடிவதற்குள் அது வேறு மாநிலத்தில் இருக்கும். எனவே, இப்படிக் காரை நிறுத்துபவர்கள் கொஞ்சம் கூடுதல் கவனத்தோடு இருப்பது நல்லது.

திருடனுக்கு அலாய் வீல் ஏன் பிடிக்கும்?

காரையே திருடினால் எஞ்சின் எண், சேசிஸ் எண் இரண்டும் காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் வெளியில் வாங்கி மாட்டிய அலாய் வீலில், "இது இன்னாருடையது" என்று சொல்லும் பதிவு எண் எதுவும் கிடையாது. பத்து கடைகளில் பத்து பேர் வாங்கிய ஒரே மாடல் வீல்கள் ஒன்று போலவே இருக்கும்.

இரண்டாவது காரணம், ஒரு வீல் பல கார்களுக்குப் பொருந்தும். வீலில் உள்ள ஓட்டைகளின் மையங்களைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்தால், அந்த வட்டத்தின் விட்டத்தை பி.சி.டி. என்பார்கள். 4 × 100 என்றால் நான்கு ஓட்டை, 100 மி.மீ. விட்டம் என்று பொருள். நம் ஊரில் ஓடும் சிறிய கார்களில் பலவற்றுக்கு இதே அளவுதான். டொயோட்டா இன்னோவாவுக்கு 5 × 114.3, வோல்க்ஸ்வேகன் போலோவுக்கு 5 × 100. அளவு பொதுவானதாக இருந்தால் விற்பதும் எளிது.

மூன்றாவது, கழற்றுவது சுலபம். பெரும்பாலான கார்களில் சாதாரண அறுகோண நட்டுதான் வருகிறது. அதைக் கழற்றும் ஸ்பானர் எந்தக் கடையிலும் கிடைக்கும். அதாவது, பாஸ்வேர்டே இல்லாத கம்ப்யூட்டர் மாதிரி. யார் உட்கார்ந்தாலும் திறந்துகொள்ளும்!

லாக் நட் எப்படி வேலை செய்கிறது?

ஒரு சக்கரத்தில் நான்கு அல்லது ஐந்து நட்டுகள் இருக்கும். அதில் ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு, அதன் இடத்தில் லாக் நட் மாட்ட வேண்டும். இதன் தலை அறுகோணமாக இருக்காது. உருண்டையாக, வழவழப்பாக இருக்கும். நடுவில் பூப்போலவோ அலை போலவோ வளைந்து செல்லும் ஒரு பள்ளம் வெட்டப்பட்டிருக்கும். இந்தப் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஒரு சிறிய இரும்புச் சாவி செட்டுடன் வரும். சாவியைப் பள்ளத்தில் பொருத்தி, அதன் பின்பக்கத்தில் வழக்கமான ஸ்பானரைப் போட்டால்தான் நட்டு திரும்பும். சாவி இல்லாமல் ஸ்பானரைப் போட்டால் பிடிமானம் கிடைக்காமல் வழுக்கும்.

ஒரு செட்டில் பொதுவாக நான்கு லாக் நட்டும், ஒன்று அல்லது இரண்டு சாவியும் இருக்கும். நல்ல கம்பெனி செட்டுகளில் சாவியின் எண் அச்சிட்ட ஒரு சிறிய அட்டையும் இருக்கும். சாவி தொலைந்தால், அந்த எண்ணைச் சொல்லித்தான் மாற்றுச் சாவி வாங்க முடியும். இந்த அட்டையை மறந்துவிடாதீர்கள். கட்டுரையின் பிற்பகுதியில் இது மீண்டும் வரும்.

பாஸ்வேர்டில் வலுவானதும் உண்டு, "12345" போன்ற சொத்தையும் உண்டு அல்லவா? லாக் நட்டிலும் அப்படித்தான். மிக மலிவான செட்டுகளில் ஒரே வடிவப் பள்ளம் ஆயிரக்கணக்கான செட்டுகளில் திரும்பத் திரும்ப வரும். அதே செட்டை இன்னொருவர் வாங்கினால், அவருடைய சாவி உங்கள் காரையும் திறக்கும். வாங்கும்போது, "எத்தனை விதச் சாவி வடிவங்கள் இருக்கின்றன, சாவி எண் தருகிறீர்களா?" என்று கேளுங்கள்.

இன்னொரு பலவீனம். லாக் நட்டைவிடச் சற்றே சிறிய சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து அதன் மேல் இறக்கி, அப்படியே திருகிக் கழற்றும் வழி மெக்கானிக்குகளுக்குத் தெரியும்; திருடர்களுக்கும் தெரியும். இதைச் சமாளிக்க, வெளி வளையம் தனியாகச் சுழலும் லாக் நட்டுகள் வந்துள்ளன. சாக்கெட்டை அடித்து இறக்கினாலும் வளையம் மட்டும்தான் சுற்றும், நட்டு அசையாது. விலை கொஞ்சம் கூடுதல். தெருவில் நிறுத்துபவர்களுக்கு இதுவே ஏற்றது.

வாங்கும் முன் மூன்று அளவுகள்

லாக் நட் விஷயத்தில் திருட்டைவிட ஆபத்தானது ஒன்று உண்டு. அளவு தவறான நட்டை மாட்டினால், நெடுஞ்சாலையில் வண்டி ஓடும்போது சக்கரம் தளர்ந்துவிடும். எனவே இணையத்தில் ஆர்டர் செய்யும் முன் கீழ்க்கண்ட மூன்றையும் சரிபாருங்கள்.

1. ஸ்டட் அளவும் மரையும். எம்12 × 1.5 என்றால், ஸ்டட்டின் விட்டம் 12 மி.மீ., ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடைவெளி 1.5 மி.மீ. என்று அர்த்தம். ஹூண்டாய், டொயோட்டா, ஹோண்டா கார்களில் பெரும்பாலும் இந்த அளவு. மாருதி சுசூகி கார்களில் பொதுவாக எம்12 × 1.25. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். ஸ்கேலை வைத்துப் பத்து மரைகளை அளந்து பாருங்கள். 15 மி.மீ. வந்தால் 1.5, 12.5 மி.மீ. வந்தால் 1.25. வோல்க்ஸ்வேகன், ஸ்கோடா கார்களில் ஸ்டட்டும் நட்டும் கிடையாது, நேரடியாக போல்ட்டுதான். அவற்றுக்கு லாக் போல்ட் என்று கேட்டு வாங்க வேண்டும்.

2. நட்டு உட்காரும் இடத்தின் வடிவம். வெளியில் வாங்கும் அலாய் வீல்களில் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு வடிவம். ஹோண்டாவின் ஒரிஜினல் வீல்களில் உருண்டை வடிவம். வாஷருடன் தட்டையாக உட்காரும் வகையும் உண்டு. கூம்பு வீலில் உருண்டை நட்டைப் போட்டால், இறுக்கமாக இருப்பது போலத் தோன்றும். ஆனால் தொடும் பரப்பு மிகக் குறைவு. ஓட ஓடத் தளர்ந்துவிடும். கார் மாடலைப் பார்த்து வாங்கக் கூடாது. இப்போது மாட்டியிருக்கும் வீலைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

3. மரை பிடிக்கும் நீளம். நட்டு ஸ்டட்டில் குறைந்தது ஸ்டட்டின் விட்டம் அளவுக்காவது ஏற வேண்டும் என்பது பொதுவான விதி. 12 மி.மீ. ஸ்டட்டில் மரை 1.5 என்றால், கையால் திருகும்போது 8 சுற்று, 1.25 என்றால் சுமார் 10 சுற்று. நான்கைந்து சுற்றிலேயே நின்றுவிட்டால் அந்த நட்டு வேண்டாம்.

கடையில் கேட்கும்போதும் ஒரு எச்சரிக்கை. வெறுமனே "லாக் நட்" என்று கேட்டால், உள்ளே நைலான் வளையம் வைத்த, தானே தளராத சாதாரண நட்டை எடுத்துக் கொடுப்பார்கள். அது வேறு, இது வேறு. "திருட்டுத் தடுப்பு வீல் நட், சாவியோடு" என்று தெளிவாகச் சொல்லுங்கள். சென்னையில் நேரில் பார்த்து வாங்க விரும்புபவர்களுக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கார் உதிரி அலங்காரப் பொருட்கள் விற்கும் கடைகள் வரிசையாக உள்ளன. கழற்றிய நட்டு ஒன்றைக் கையில் கொண்டு போனால் குழப்பம் வராது.

மாட்டும் முறை

ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரே ஒரு நட்டை மட்டும் மாற்றுங்கள். சாதாரண நட்டுகளை நட்சத்திர வடிவில், எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கிய பிறகு, கடைசியாக லாக் நட்டை இறுக்க வேண்டும். முதலில் கையாலேயே மரை ஏற்றுங்கள். பிறகு டார்க் ரெஞ்ச் கொண்டு, காருடன் வந்த கையேட்டில் சொல்லியுள்ள அளவுக்கு இறுக்குங்கள். பல சிறிய கார்களுக்கு இது 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். உங்கள் காருக்கான சரியான எண் கையேட்டில்தான் இருக்கிறது. மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவ வேண்டாம். 50 முதல் 100 கி.மீ. ஓட்டிய பிறகு மீண்டும் ஒருமுறை இறுக்கத்தைச் சரிபாருங்கள்.

மிக முக்கியம்: டயர் கடையில் காற்றில் இயங்கும் துப்பாக்கி போன்ற கருவியால் "டர்ர்ர்" என்று இறுக்குவார்கள். லாக் நட் சாவியில் அதைப் பயன்படுத்த விடாதீர்கள். சாவியின் மெல்லிய விளிம்பு உடைந்தால், உங்கள் சக்கரத்தை நீங்களே கழற்ற முடியாது. அதற்குப் பிறகு பட்டறையில் நட்டை உடைத்து எடுப்பது ஒன்றுதான் வழி.

காரில் உள்ள ஸ்டெப்னி இரும்பு வீலாக இருந்தால் இன்னொரு சோதனையும் தேவை. அலாய்க்கு வாங்கிய நட்டு, இரும்பு வீலில் சரியாக உட்காருமா என்று வீட்டிலேயே ஒருமுறை மாட்டிப் பாருங்கள். உட்காரவில்லை என்றால், காருடன் வந்த பழைய நட்டுகளில் ஒரு செட்டை டிக்கியில் போட்டு வையுங்கள். நடுராத்திரி பங்க்சரின்போது அது கைகொடுக்கும்.

சாவி எங்கே இருக்க வேண்டும்?

பாஸ்வேர்டை எழுதி மானிட்டரிலேயே ஒட்டி வைப்பவர்கள் உண்டு. லாக் நட் சாவியை டாஷ்போர்டு பெட்டியில் போட்டு வைப்பதும் அதே கதைதான். கண்ணாடியை உடைப்பவன் முதலில் துழாவுவது அங்கேதான். அதற்காகச் சாவியை வீட்டிலேயே வைத்துவிட்டால், வழியில் பங்க்சர் ஆகும்போது தவித்துப் போவீர்கள்.

நடுவழி இதுதான். ஒரு சாவி காருக்குள், ஜாக்கியும் ஸ்பானரும் இருக்கும் இடத்தைத் தவிர்த்து, உங்களுக்கும் வீட்டாருக்கும் மட்டும் தெரிந்த ஓர் இடத்தில். இரண்டாவது சாவி இருந்தால் அது வீட்டில். வண்டியை சர்வீசுக்கு விடும்போது சாவியைக் கொடுத்து, திரும்ப எடுக்கும்போது கேட்டு வாங்குங்கள். பலர் சாவியைத் தொலைப்பது இந்த இடத்தில்தான்.

இனி கம்ப்யூட்டர் வேலை!

இப்போது உங்கள் கம்ப்யூட்டரை ஆன் செய்யுங்கள். ஒரு மணி நேரத்தில் முடியும் வேலை இது.

முதல் படி: டெஸ்க்டாப்பில் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து, நியூ, போல்டர் என்று தேர்ந்தெடுங்கள். "கார் ஆவணங்கள்" என்று பெயர் கொடுங்கள். விண்டோஸில் தமிழிலேயே பெயர் வைக்கலாம்.

இரண்டாம் படி: படம் எடுங்கள். செல்போன் கேமராவே போதும். நான்கு வீல்களையும் தனித்தனியாக, வண்டி எண் தெரியும்படி ஒன்று, அருகில் ஒன்று. வீலின் உட்பக்கத்தில் அளவும் தயாரிப்பாளர் குறியீடும் வார்க்கப்பட்டிருக்கும். அடுத்த முறை சக்கரத்தைக் கழற்றும்போது அதையும் படம் எடுங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் விட்டுவிடாதீர்கள். அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2324 என்றால், 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். வீலில் இருக்கும் கீறல், தேய்மானம் போன்ற அடையாளங்கள் மிகவும் பயன்படும். உட்பக்கத்தில் அழியாத பெயின்ட் மார்க்கரால் உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு குறி போட்டு, அதையும் படம் எடுங்கள். உளியால் அடித்துக் குறி போட வேண்டாம். அலாயில் விரிசல் விழக்கூடும்.

மூன்றாம் படி: படங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள். இதற்கு யு.எஸ்.பி. கேபிளே சிறந்தது. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் தரம் குறைவதோடு, எடுத்த தேதி, நேரம் முதலிய விவரங்களும் போய்விடும். உங்களிடம் எப்போதிலிருந்து அந்த வீல் இருக்கிறது என்று காட்ட அந்தத் தேதி உதவும்.

நான்காம் படி: வீல் வாங்கிய பில், லாக் நட் பில், சாவி எண் அட்டை, இன்சூரன்ஸ் பாலிசி, ஆர்.சி. புத்தகம் ஆகியவற்றை ஸ்கேன் செய்து அதே போல்டரில் சேமியுங்கள். பில் இல்லாமல் பழைய வீல் வாங்கும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். விலை மிகக் குறைவாக, பில்லும் இல்லாமல் வரும் வீல், யாரோ ஒருவருடைய செங்கல் மேல் நிற்கும் காரிலிருந்து வந்ததாக இருக்கலாம். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவதும் சட்டப்படி குற்றம்.

ஐந்தாம் படி: சாவி எண் வெளியே போகக் கூடாது அல்லவா? செவன்-ஜிப் என்ற இலவச சாப்ட்வேரை அதன் சொந்த இணையதளத்திலிருந்து இறக்கி நிறுவுங்கள். போல்டரின் மேல் ரைட் கிளிக் செய்து, செவன்-ஜிப் மெனுவில் "ஆட் டு ஆர்க்கைவ்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். வரும் டயலாக் பாக்ஸில் பாஸ்வேர்டு கொடுத்து, "என்கிரிப்ட் பைல் நேம்ஸ்" என்ற கட்டத்தில் டிக் செய்து ஓகே கொடுங்கள். பாஸ்வேர்டை மறந்துவிட்டால் இந்தப் பைலைத் திறக்க வேறு வழியில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

ஆறாம் படி: இந்தப் பைலின் ஒரு நகல் கம்ப்யூட்டரில், ஒன்று பென் டிரைவில், ஒன்று கூகுள் டிரைவ் போன்ற இணையச் சேமிப்பில். மூன்று நகல், இரண்டு விதச் சாதனம், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. எல்லா முக்கியமான பைல்களுக்கும் இந்தக் கணக்கைப் பின்பற்றலாம்.

படத்தை ஊருக்குக் காட்டும் முன்...

புதிய வீலைப் படம் எடுத்து நண்பர்களுக்குக் காட்ட ஆசை இருக்கும். தவறில்லை. ஆனால் செல்போனில் எடுத்த படத்துக்குள், அது எடுக்கப்பட்ட இடமும் பதிவாகியிருக்கலாம். அதாவது, உங்கள் வீட்டு வாசல்! படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் போய், டீடெய்ல்ஸ் என்ற டேப்பைப் பாருங்கள். அடியில் "ரிமூவ் பிராப்பர்ட்டீஸ் அண்ட் பெர்சனல் இன்பர்மேஷன்" என்று இருக்கும். அதைக் கிளிக் செய்து, விவரங்கள் நீக்கப்பட்ட நகலை உருவாக்கும் வாய்ப்பைத் தேர்ந்தெடுங்கள். அந்த நகலை மட்டும் வெளியிடுங்கள். மூலப் படம் அப்படியே போல்டரில் இருக்கட்டும். சாவியின் முகப்புப் பள்ளம் தெரியும் படத்தை ஒருபோதும் வெளியிடாதீர்கள்.

இன்சூரன்ஸ் இருக்கிறதே, எதற்குக் கவலை?

இந்தக் கேள்விக்கு எக்ஸெல் பதில் சொல்லும். எக்ஸெல் இல்லாதவர்கள், இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் பயன்படுத்தலாம்.

முதலில் ஒரு விஷயம். வெளியில் வாங்கி மாட்டிய அலாய் வீல், காரின் கம்பெனி விலையில் சேராது. பாலிசி எடுக்கும்போது அதன் மதிப்பைத் தனியாகச் சொல்லி, கூடுதல் பிரீமியம் கட்டியிருந்தால்தான் அதற்கு இழப்பீடு கேட்க முடியும். சொன்ன மதிப்புக்கு மேல் கிடைக்காது. தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு எதுவும் கிடைக்காது.

உதாரணத்துக்கு, மூன்றரை வயதான ஒரு காரை எடுத்துக்கொள்வோம். நான்கு அலாய் வீல் ரூ.32,000, நான்கு டயர் ரூ.20,000, மொத்த இழப்பு ரூ.52,000. வழக்கமான பாலிசியில் 3 முதல் 4 வயதுள்ள காரின் உலோகப் பாகங்களுக்கு 25 சதவீதமும், டயருக்கு 50 சதவீதமும் தேய்மானம் கழிப்பார்கள். வீலுக்கு ரூ.24,000, டயருக்கு ரூ.10,000, ஆக ரூ.34,000. இதில் 1500 சிசி வரையிலான கார்களுக்குக் கட்டாயக் கழிவு ரூ.1,000. கைக்கு வருவது ரூ.33,000.

இத்துடன் முடிவதில்லை. கிளெய்ம் கேட்காதவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறிக்கொண்டே போகும் நோ கிளெய்ம் போனஸ், ஒரு கிளெய்ம் கேட்டால் பூஜ்யத்துக்கு இறங்கும். இந்தக் காருக்கு அடுத்த புதுப்பிப்பில் 45 சதவீதம் கிடைத்திருக்க வேண்டும். காரின் சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் ரூ.8,000 என்றும், அது மாறாமல் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். எக்ஸெலில் மூன்று பத்திகள் அமையுங்கள்: ஆண்டு, கிளெய்ம் கேட்காவிட்டால் கிடைக்கும் சதவீதம், கேட்டால் கிடைக்கும் சதவீதம். நான்காவது பத்தியில் சமக்குறி போட்டு, இரண்டாவது பத்திக் கட்டத்தை மவுஸால் கிளிக் செய்து, கழித்தல் குறி போட்டு, மூன்றாவது பத்திக் கட்டத்தைக் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். வித்தியாசம் வந்துவிடும். அந்தக் கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் எல்லா ஆண்டுக்கும் கணக்கு நிரம்பும்.

முதல் ஆண்டு 45-க்குப் பதில் 0; இழப்பு ரூ.3,600. இரண்டாம் ஆண்டு 50-க்குப் பதில் 20, ரூ.2,400. மூன்றாம் ஆண்டு 50-க்குப் பதில் 25, ரூ.2,000. நான்காம் ஆண்டு 50-க்குப் பதில் 35, ரூ.1,200. ஐந்தாம் ஆண்டு 50-க்குப் பதில் 45, ரூ.400. ஆட்டோசம் பொத்தானை அழுத்தினால் மொத்தம் ரூ.9,600. இதையும் கழித்தால், உண்மையில் கிடைத்தது ரூ.23,400. ஐம்பத்திரண்டாயிரம் ரூபாய் இழப்பில் ரூ.28,600 உங்கள் பையிலிருந்துதான் போகிறது. தேய்மானம் கழிக்காத கூடுதல் பாலிசி, போனஸைக் காக்கும் கூடுதல் பாலிசி எடுத்திருந்தால் இந்த எண் மாறும். உங்கள் பாலிசியின் எண்களைப் போட்டுப் பாருங்கள். ஒரு செட் லாக் நட்டின் விலையையும் அதே பக்கத்தில் எழுதிப் பாருங்கள். முடிவு தானாகவே தெரியும்.

திருட்டு நடந்துவிட்டால்...

கார் செங்கல் மேலோ கல் மேலோ நின்றால், அடியில் குனிந்து பார்க்க வேண்டாம், சரிந்து விழலாம். எதையும் தொடும் முன் நான்கு பக்கமும் படம் எடுங்கள். 112-க்கு அழைத்துத் தகவல் சொல்லுங்கள்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு, நமக்கு உதவும் சில வசதிகளைத் தருகிறது. திருட்டு எந்தக் காவல் நிலைய எல்லையில் நடந்திருந்தாலும், எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். எல்லையோரத்தில் இருக்கும் கும்மிடிப்பூண்டிப் பகுதி மக்களுக்கு இது முக்கியம். மின்னணு வழியிலும் தகவல் தரலாம். ஆனால் மூன்று நாட்களுக்குள் நேரில் போய்க் கையெழுத்திட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறலாம். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் மக்களுக்கான சேவைப் பக்கத்திலும் புகாரைப் பதிவு செய்யும் வசதி உண்டு.

இந்த நேரத்தில்தான் உங்கள் "கார் ஆவணங்கள்" போல்டர் கைகொடுக்கும். "கறுப்பு கலர் அலாய் வீல் சார்" என்று சொல்வதற்கும், அளவு, பில், டயர் எண், உட்பக்கக் குறியோடு படங்களை பிரின்ட் எடுத்துக் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை எண்ணிப் பாருங்கள். எங்கேயாவது வீல்கள் பிடிபட்டால், அவை உங்களுடையவை என்று நிரூபிப்பது அந்தப் படங்கள்தான். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் உடனே தகவல் கொடுங்கள். தாமதம் இழப்பீட்டைப் பாதிக்கலாம்.

பழைய பொருள் விற்கும் இணையதளங்களில் உங்கள் வீல் விற்பனைக்கு வந்திருப்பதைக் கண்டால், ஆத்திரப்பட்டு நேரில் போகாதீர்கள். அந்தப் பக்கத்தை ஸ்கிரீன் ஷாட் எடுத்துப் போலீசிடம் கொடுங்கள்.

லாக் நட் மட்டும் போதுமா?

போதாது. ஆன்டி வைரஸ் போட்ட கம்ப்யூட்டரிலும் கண்ட மெயிலைத் திறக்கக் கூடாது அல்லவா? அதுபோல, லாக் நட் தருவது நேரம். இரண்டு நிமிட வேலை பத்து நிமிடச் சத்தமான வேலையாக மாறினால், திருடன் அடுத்த காரைத் தேடிப் போவான். அந்த நேரத்தைக் கூட்ட மற்ற வழிகளும் உண்டு. வெளிச்சம் உள்ள இடத்தில் நிறுத்துங்கள். ஒரு பக்கம் சுவரை ஒட்டி நிறுத்தினால் அந்தப் பக்கத்துச் சக்கரங்களைக் கழற்றுவது கடினம். சாதாரண அலாரம், காரை மெதுவாக ஜாக்கியில் தூக்கினால் பெரும்பாலும் கத்தாது. சாய்வை உணரும் சென்சார் உள்ள அலாரமாகக் கேட்டு வாங்குங்கள். தெருவில் இருப்பவர்கள் சேர்ந்து ஒரு கேமரா வைத்தால் எல்லோருக்கும் நல்லது.

கடைசியாக ஒரு சரிபார்ப்புப் பட்டியல். இதை பிரின்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்:

- மரை, உட்காரும் வடிவம், சுற்று எண்ணிக்கை மூன்றும் சரியா?
- லாக் நட்டை டார்க் ரெஞ்சால் இறுக்கி, 100 கி.மீ.க்குள் மறுபடியும் பார்த்தாயிற்றா?
- சாவி டாஷ்போர்டில் இல்லாமல் வேறு இடத்தில் இருக்கிறதா? வீட்டில் மற்றவர்களுக்கும் தெரியுமா?
- சாவி எண், பில், படங்கள் மூன்று நகலாக இருக்கின்றனவா?
- அலாய் வீலின் மதிப்பு பாலிசியில் ஏறியிருக்கிறதா?

ஐந்துக்கும் "ஆம்" என்று டிக் போட முடிந்தால், இன்றிரவு நைட் ஷிப்டுக்குக் கொஞ்சம் நிம்மதியாகப் போகலாம்.